ஏரியூர்ப் பெண்ணின் கழுத்து

சேலத்தில் எனக்கு இப்போது ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, வாசலில் ஒரு மீன் தொட்டி. வருகிறவர்களில் பாதிப் பேர் போனை நீட்டி யாரோ ஒருவருடைய மூக்கைக் காட்டுகிறார்கள். "இந்த மாதிரி வேணும் டாக்டர்" என்கிறார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொந்த மூக்கைப் பிடிக்காமல் கண்ணாடி முன்னால் நிற்பதும் ஒரு வேதனைதான். செய்துகொடுக்கிறேன். ஆனால் மத்தியானம் ஆள் வராத ஒரு மணி நேரத்தில், மேஜையில் கையூன்றி உட்கார்ந்திருக்கும்போது, மனம் தானாகத் தருமபுரிப் பக்கம் போய்விடுகிறது. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் இருந்தேன்.

அப்போது எனக்கென்று தனி அறை கிடையாது. எலும்பு டாக்டரும் நானும் ஒரே அறையைப் பங்கு போட்டுக்கொண்டோம். செவ்வாயும் வெள்ளியும் என்னுடைய நாள். அன்றைக்கு மட்டும் கதவில் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்று ஒரு பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்த கம்பைநல்லூர்க்காரர் ஒருவர், "உள்ள வெக்கிற பிளாஸ்டிக்கு வெயிலுக்கு எளகாதுங்களா?" என்று கேட்டார். பிளாஸ்டிக் எதுவும் வைப்பதில்லை, உங்கள் தோலையே ஓரிடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் வைப்போம் என்றேன். "அப்ப எடுத்த எடத்துக்கு?" என்றார். என்னிடம் படித்த மாணவர்கள்கூட இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள் வருவார்கள். பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைகளைத் துணியால் முகம் மூடித் தூக்கி வருவார்கள். நாய் கடித்த காது, டிராக்டர் ஏறிய கால். அழகாக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. 'வேலைக்குப் போற மாதிரி பண்ணிவுடுங்க' என்பதுதான் பேச்சு.

அந்தப் பெண் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புரட்டாசி கடைசியாக இருக்கும். இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். இளையவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது. அவளுடைய மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கழுத்து என்று ஒன்று இருந்த இடத்தில் கயிறு கயிறாகத் தழும்பு. கீழுதடு கீழே இழுபட்டு, பல் தெரிந்து, வழியும் எச்சிலைத் துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தாள். என்னைப் பார்ப்பதற்குத் தலையை நிமிர்த்த முடியாமல் கண்ணை மட்டும் மேலே உருட்டினாள். பார்க்கிறவர்களுக்கு அது முறைப்பது போலத் தெரியும். ஒன்பது வருஷமாக ஊரெல்லாம் அவளை முறைக்கிறவள் என்றுதான் நினைத்திருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

கூட வந்த மூத்தவர் அவளுடைய கணவரின் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியாக, வெயிலில் காய்ந்த உடம்பு. இரண்டு கையையும் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"கழுத்து மடிப்புல புண்ணு ஆறவே மாட்டேங்குதுங்க. ஒரு ஆயின்மென்ட் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

"எந்த ஊரும்மா?" என்று நான் இளையவளைக் கேட்டேன்.

"ஏரியூர்ப் பக்கங்க" என்றார் நாத்தனார்.

"எப்படி ஆச்சு இது?"

"ஸ்டவ் வெடிச்சிருச்சுங்க. ஒம்பது வருசம் ஆவுது." அதற்கும் நாத்தனார்தான் பதில் சொன்னார்.

ஸ்டவ் வெடித்தது என்ற வாக்கியத்தை என் தொழிலில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. சில நேரம் உண்மையிலேயே ஸ்டவ்தான் வெடித்திருக்கும். பல நேரம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வேறு யாராவது நிற்பார்கள். அடிபட்டவள் வாயைத் திறக்கும் முன்னால் பதில் சொல்கிற உறவினர் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. நாத்தனாரை வெளியே இருக்கச் சொன்னேன். அவர் போய்விட்டார்.

கதவு மூடியதும், "இப்ப சொல்லும்மா. யாராவது பண்ணதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். ஸ்டவ்வுதாங்க."

நான் நம்பவில்லை. நம்பாததை முகத்திலும் காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். கழுத்தில் பட்டால் தலையைப் பின்னால் சாய்த்து வைத்துப் படுக்க வேண்டும். அது உயிர் போகிற வலி. இவளுக்கு வலிக்கிறதே என்று வீட்டில் இரண்டு தலையணை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வலி குறைந்தது. கழுத்து அப்படியே நின்றுவிட்டது. எந்த நிலையில் வலிக்காதோ அந்த நிலைதான் பிறகு ஊனமாகும். வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் அன்பாகக் கொடுத்த தலையணையால் ஒருத்தி ஒன்பது வருஷம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆயின்மென்ட் போதாது, ஆபரேஷன் செய்தால் தலை நிமிரும் என்று சொன்னேன். அவள் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தாள். பிறகு, "மேடம், அண்ணாந்து தண்ணி குடிக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒருத்தர் வூட்டுக்குப் போனா சொம்புல தண்ணி குடுப்பாங்க. எல்லாரும் தூக்கிக் குடிப்பாங்க. நான் வாய் வெச்சித்தான் குடிக்கணும். நான் குடிச்ச சொம்ப எனக்கு எதிர்லயே புளி போட்டுத் தேச்சி, வெயில்ல கவுத்து வெப்பாங்க. அதனால நான் யார் வூட்லயும் தண்ணி வாங்கறதில்லீங்க."

"குடிக்க முடியும்" என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷனில் என் பயம் தோலைப் பற்றியது அல்ல, மயக்க மருந்தைப் பற்றியது. மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் போட வேண்டும். டியூப் போடத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். இவளுக்குத் தலை சாயாது. மயக்கமும் கொடுத்து, டியூபும் போகாவிட்டால் நாலு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

எங்கள் மயக்க மருந்து டாக்டர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் எப்போதும் வேகவைத்த கடலை ஒரு பொட்டலம் இருக்கும். அவளைப் பார்த்துவிட்டு வந்து, கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"நான் இதத் தூங்க வெக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப செய்யவே முடியாதா சார்?"

"தூங்க வெக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நீ மொதல்ல முழிச்சிருக்கும்போதே மரத்துப்போற ஊசி போட்டுத் தழும்ப அறு. தலை சாஞ்சதும் நான் டியூப் போடறேன். அதுக்கப்பறம் நீ உன் வேலையப் பாரு. ஆனா அந்தப் பொண்ணு அது வரைக்கும் முழிச்சிட்டு இருக்கணும். பயந்து திமிறினா நாம ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

அவளிடம் இதை அப்படியே சொன்னேன். கழுத்தை அறுக்கும்போது விழித்திருக்க வேண்டும் என்று. அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார், "நான் வெளியவே நிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. கணவர் பெங்களூரில் கொத்தனார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகை மாதம், காலை வேளை. அந்தத் தியேட்டரில் கிழக்குப் பக்கம் உயரத்தில் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. எட்டு மணி வெயில் டேபிள் மேல் விழும். ஸ்பிரிட் வாசனையும், ஆவியில் வெந்த துணியின் வாசனையும் கலந்து இருக்கும். எனக்கு இன்றைக்கும் எங்காவது இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது அந்த அறை ஞாபகம் வருகிறது.

மரத்துப்போகும் மருந்தைத் தழும்புக்கு அடியில் நிரப்பிக்கொண்டே அவளைப் பேச வைத்தேன். பேசிக்கொண்டிருந்தால் பயம் குறையும். மூச்சு சரியாக இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும்.

"அன்னைக்கு என்ன சமையல் செஞ்சிட்டு இருந்த?" என்று கேட்டேன். வேறு எதையோ கேட்க நினைத்து அது வாயில் வந்துவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு காலைல பெங்களூர் பஸ்ஸுக்குப் போவணும்னு உப்புமா கிண்டினேனுங்க. ஸ்டவ்வு பொகைஞ்சிது. பம்ப் அடிச்சேன். குப்புனு வந்திருச்சு. நைலான் சேலைங்க."

நான் கத்தியை வைத்தேன். "வலிக்குதா?"

"இழுக்கற மாதிரி இருக்குதுங்க. வலி இல்ல." பேச்சைத் தொடர்ந்தாள். "வெளிய நிக்கிற எங்கக்காதாங்க ஓடியாந்து சேலைய உருவுனது. உருகி ஒட்டிக்கிச்சு. அவங்க விடல. கையாலயே பிச்சிப் பிச்சி எடுத்தாங்க. அந்த நைலான் அவங்க கையில ஒட்டி எரிஞ்சிது. மேடம், நீங்க எங்கக்கா கையப் பாத்தீங்களா?"

"இல்லையே" என்றேன்.

"யாருக்கும் காட்ட மாட்டாங்க. நாத்தனாதான் கொளுத்திட்டான்னு ஊர்ல பேசினாங்க. போலீஸ் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போச்சி. நான் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே சொன்னேன், அவங்க இல்லீங்க, அவங்கதான் காப்பாத்துனாங்கன்னு. பயந்துகிட்டு சொல்றான்னு சொல்லிட்டாங்க. கையக் காட்டினா, பாரு எரிச்ச கைன்னு சொல்லுவாங்களாம். அதான் முந்தானைக்குள்ளயே வெச்சிக்குவாங்க."

தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. தழும்பின் குறுக்கே கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கயிறாக அறுபட, மோவாய் நெஞ்சிலிருந்து ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று மேலே போனது. தழும்புக்கு அடியில், ஒன்பது வருஷம் யார் கண்ணிலும் படாமல், ஒரு சாதாரணக் கழுத்து இருந்தது. அதில் நாடி துடிப்பது தெரிந்தது.

"போதும்" என்றார் அவர். "இப்ப சாயுது." ஒரு நிமிஷத்துக்குள் டியூப் உள்ளே போய்விட்டது. அவர் முகக்கவசத்துக்குள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு தொடையிலிருந்து தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினோம். மூன்று மணி நேர வேலை.

வெளியே வந்தபோது நாத்தனார் சொன்னபடியே நின்றுகொண்டிருந்தார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். போகாமல் நின்ற என்னைப் பார்த்து, "என்னாங்க?" என்றார்.

"உங்க கையைக் காட்டுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அவ சொல்லிட்டாளா" என்றார். முந்தானையை விலக்கி வலது கையை நீட்டினார். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டியிருந்தன. உள்ளங்கை முழுக்க பளபளவென்று தழும்பு. இடது கையிலும் தழும்பு இருந்தது. ஆனால் விரல்கள் நீண்டன.

"இதையும் சரி பண்ணலாம்" என்றேன்.

"மொதல்ல இவளுக்கு ஆவட்டுங்க" என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. மனசுக்குள் நினைத்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கை கழுவினேன். அன்றைக்குக் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவியதாக ஞாபகம்.

ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தோம். ஒட்டிய தோல் நல்ல இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. பத்தாம் நாளோ என்னவோ, காலை ரவுண்டுக்குப் போனபோது வார்டில் கூட்டமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் கையில் எவர்சில்வர் சொம்பு. தூக்கிப் பிடித்து ஊற்றினாள். தண்ணீர் பாதி மூக்கிலும் பாதி ஜாக்கெட்டிலும் போனது. இருமினாள். பழக்கம் விட்டுப்போயிருந்தது. "நெதானமா, கொஞ்சங் கொஞ்சமா ஊத்து" என்று ஓர் ஆயா சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது தடவை தொண்டையில் இறங்கியது. நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் வந்து கட்டு நனைந்ததற்காக எல்லோரையும் திட்டினார்.

என் தொழிலில் ஆபரேஷன் பாதி வேலைதான். ஒட்டிய தோலும் சுருங்கப் பார்க்கும். ஆறு மாதம் இரவும் பகலும் கழுத்தில் ஒரு பட்டை போட்டு மோவாயைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற பட்டை எதுவும் அவளுடைய கழுத்துக்கு உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் குழாய் வேலைக்கு வருகிறவரைக் கூப்பிட்டேன். அவர் நாலு அங்குல பி.வி.சி. பைப்பை அறுத்து, கொதிநீரில் முக்கி இளக்கி, நான் வரைந்து கொடுத்த அளவுக்கு வளைத்துக் கொடுத்தார். உள்ளே ஸ்பான்ஜும் பருத்தித் துணியும் வைத்துத் தைத்தோம். "கடேசில மேடம் பிளாஸ்டிக்தான் வெச்சாங்க" என்று அவர் தியேட்டர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தை மாதம் வரை ஒழுங்காக வந்து காட்டினாள். கழுத்து நிமிர்ந்து, முகம் தெளிந்து, ஒரு தடவை நெற்றியில் பெரிய பொட்டோடு வந்தாள். அப்புறம் வரவில்லை. வைகாசியில் வந்தபோது பார்த்துத் திடுக்கிட்டேன். மோவாய் பாதிக்குமேல் கீழே இறங்கிவிட்டிருந்தது. ஒட்டிய தோல் சுருங்கிப் புதுசாக ஒரு கயிறு கட்டியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டோம், ஒரு பட்டையைப் போட முடியவில்லையா என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. நாத்தனார்தான் மெதுவாகச் சொன்னார்.

"புளி சீசனுங்க மேடம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பட்டை போட்டுக்கிட்டா குனிய முடியலீங்க. குனியாம புளி தட்ட முடியாதுங்க."

நான் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எல்லோரிடமும் வேலையைக் கேட்கிறவள் இவளிடம் கேட்காமல் விட்டிருந்தேன். கழுத்தையும் ஸ்டவ்வையும் நாத்தனாரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பென்னாகரத்தில் ஒரு முகாம் இருந்தது. அது முடிந்ததும் ஜீப்பை ஏரியூருக்கு விடச் சொன்னேன். அவர்கள் வீட்டு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கியிருந்தது. அதன் கீழே கூடை கூடையாக ஓடு எடுத்த புளி. அவள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, சின்ன இரும்புத் தடியால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்கத் தொங்கியிருந்தது. தீப்பட்ட பிறகு வேறு எந்த வேலைக்கும் அவளை யாரும் சேர்க்கவில்லை. கவிழ்ந்த தலைக்குத் தோதான வேலை இது ஒன்றுதான். நாங்கள் தலையை நிமிர்த்தியதில் அந்த வேலையும் போகப் பார்த்தது.

பட்டை சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. துவைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். "ராத்திரில போட்டுக்குவேனுங்க" என்றாள்.

நான் அதை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் இடத்தில் உட்கார்ந்தேன். கல் தெரியவில்லை. என் கை தெரியவில்லை. எதிரிலிருந்த வேப்பமரத்தின் உச்சிதான் தெரிந்தது. தடியை ஓங்கி என் கட்டைவிரல்மேலேயே போட்டுக்கொண்டேன். நாத்தனார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

சிரித்து முடித்துவிட்டு, "கல்ல மேல தூக்கிட்டா?" என்றார்.

பக்கத்தில் யாரோ வீடு கட்டி மிச்சமிருந்த ஹாலோ பிளாக் கற்கள் கிடந்தன. ஜீப் டிரைவரும் நாத்தனாரும் தூக்கி வந்தார்கள். இரண்டு கல் அடுக்கிப் பார்த்தோம், தெரியவில்லை. நாலு கல் அடுக்கி, தட்டைக் கல்லை அதன் மேல் வைத்து, அவளுக்குப் பட்டையை மாட்டினோம். மோவாய் உயர்ந்தபடியே கண்ணைத் தாழ்த்தினால் கல் தெரிந்தது. தட்டிப் பார்த்தாள். நெஞ்சு உயரத்தில் கையைத் தூக்கித் தட்டுவதால் தோள் சீக்கிரம் வலிக்கும் என்று சொன்னாள்.

"முன்ன தட்டனதுல பாதிதான் ஆவுங்க."

"பாதி ஆவட்டும்" என்றார் நாத்தனார். "மீதிய நான் தட்டறேன்."

மூன்று விரலால் தடியைப் பிடித்துக்கொண்டு அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரார் யாரும் இல்லாத தன் வாசலில் அவர் கையை மறைக்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் ஆவணியில் செய்தோம். இந்தத் தடவை சின்னது. மயக்க மருந்து டாக்டர் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைக்காமலே சரி என்றார். பட்டையை அவள் ஒன்பது மாதம் போட்டாள். நான் கேட்டதைவிட மூன்று மாதம் அதிகம். அடுத்த வருஷம் புளி சீசன் முடிந்ததும் நாத்தனார் தானாகவே என் அறைக்கு வந்து, வலது கையை மேஜைமேல் வைத்தார்.

"இப்ப பண்ணிவுடுங்க" என்றார்.

மோதிர விரல் முழுக்க நீண்டது. சுண்டுவிரல் முக்கால்வாசிதான் நீண்டது. மூட்டு ரொம்ப நாள் மடிந்து கிடந்துவிட்டது. அதற்கு நான் வருத்தப்பட்டபோது, "அது கெடக்குதுங்க, சுண்டுவெரலு என்னா வேல செய்யுது" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். கட்டுப் பிரித்த அன்று தம்பி மனைவி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவர் கையை இழுத்தார். அவள் விடவில்லை.

அதற்கடுத்த வருஷம் எனக்கு மாறுதல் வந்தது. பிறகு குழந்தைகள் படிப்பு, அப்பாவின் உடம்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வேலையை விட்டுச் சேலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மயக்க மருந்து டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தத் தியேட்டரையும் இடித்துப் புதுசாகக் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான், பழைய ஏ.சி. மழைக்காலத்தில் ஒழுகும். இருந்தாலும் அந்தக் காலை வெயில் இப்போது யார் மேல் விழுகிறது என்று யோசிப்பேன்.

போன தை மாதம் இண்டூரில் ஒரு கல்யாணம். கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பென்னாகரம் பஸ்ஸைப் பிடித்தேன். முகூர்த்த நாள் கூட்டம். நிற்க இடம் கிடைத்ததே பெரிய விஷயம். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையைச் சீட்டுக்குப் பின்னால் நன்றாகச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தின் குறுக்கே ஒரு கோடு. என் தையலின் ஓரம் எனக்குத் தெரியாதா. காது மடலுக்குக் கீழே ஓரிடத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தேன்; அது அப்படியே இருந்தது.

பக்கத்தில் நாத்தனார் விழித்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"எழுப்பட்டுங்களா?" என்று கேட்டார்.

"தூங்கட்டும்" என்றேன்.

பஸ் சத்தத்தில் அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. பத்துப் புளியமரம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களாம். அஞ்சு பெண்கள் அவர்கள் வீட்டில் புளி தட்டுகிறார்களாம். அத்தனை பேருக்கும் கல்லை உயரத்தில்தான் வைத்திருக்கிறார்களாம். முதுகு வலி இல்லை என்று எல்லோரும் அப்படியே கேட்கிறார்களாம். தம்பி பெங்களூரை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். தருமபுரியில் ஒரு மொத்த வியாபாரியிடம் பேசிவிட்டு வருகிறார்கள்.

"பேசனதெல்லாம் இவதாங்க" என்றார். "நான் சும்மா தொணைக்கி."

இண்டூர் வந்துவிட்டது. இறங்க வேண்டிய கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நாத்தனார் அவசரமாகக் காலடியில் இருந்த பையில் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு புளி உருண்டையை எடுத்து என் கையில் திணித்தார். நான் இறங்கியதும் பஸ் கிளம்பியது. அவள் எழுந்திருக்கவே இல்லை.

டீக்கடையில் மண்டபத்துக்கு வழி கேட்டேன். நேராகப் போய்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் பந்தல் தெரியும் என்றார்கள். பட்டுச்சேலையும் கையில் புளியுமாக நடந்தேன். முகூர்த்தம் முடிந்துவிட்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண், தன் மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்க ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.